நின்ற தண்ணீர்

தோணியில் ஏறிய பதிமூன்றாம் நாள் கொளஞ்சியப்பன் முன்கயிற்றை அவிழ்த்துத் துணிக்கொடியாகக் கட்டினார்.

கயிறு கேட்டது ராதிகா. அவருடைய மனைவியின் தங்கை. தோணியில் சமையல் அவள் பொறுப்பு. எட்டுப் பயணிகளும் துவைத்த துணிகளைக் கூரைமேல் விரித்துப் போட்டிருந்தார்கள். காற்றில் ஒரு துண்டு தண்ணீரில் போய் விழுந்தது. இன்னொன்று குழம்புச் சட்டியில் விழப் பார்த்தது.

“இன்னா மாமா, ரெண்டு கயிறு கெடக்குது. ஒண்ணக் குடு.”

“கெடக்கல. தோணியப் புடிச்சிக்கினு இருக்குது.”

“எது? அதுவா?” அவள் முன்பக்கம் கையைக் காட்டினாள். “அது தூங்கிக்கினு இருக்குது. ஒன்ன மாதிரி.”

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் சொன்னது சரிதான். தோணியின் மூக்கிலிருந்து கரையிலிருந்த சீமைக்கருவேல முண்டுக்குப் போன கயிறு தொய்ந்து தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. பின்பக்கம், பாலத்தருகே நட்டிருந்த கல்லுக்குப் போன கயிறு மட்டும் விறைத்து நின்றது. தண்ணீர் வடக்கே ஓடியது. தோணி வடக்கே இழுத்தது. தெற்கே ஒரு கயிறு போதும். ஒரு மாட்டுக்கு எத்தனை கயிறு?

அவிழ்த்தார். பாய்மரத்திலிருந்து கூரைக் கம்புக்கு இழுத்துக் கட்டினார். ராதிகா துணிகளைப் போட்டாள். சுபாஷ் வருவதற்குள் பழையபடி கட்டிவிடலாம் என்று நினைத்தார்.

சுபாஷ் சுக்கான் பிடிப்பவன். மரக்காணம் பக்கத்து மீனவன். எங்கே நின்றாலும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டு கயிறும் கட்ட வேண்டும் என்பது அவன் போட்ட சட்டம். ஏன் என்று அவன் சொன்னதில்லை. கொளஞ்சியப்பனும் கேட்டதில்லை. தண்ணீரைப் பற்றி இன்னொருவரிடம் கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

வடக்கனந்தலில் இருபத்தாறு வருடம் அவர் செய்தது தண்ணீர் திருப்பும் வேலை. சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. கோமுகி அணையிலிருந்து வரும் கால்வாய்த் தண்ணீரை ஆதிமூலத்தின் கரும்புக்கும் மற்றவர்களின் நெல்லுக்கும் முறை வைத்து மடை மாற்றிவிடுவார். கால்வாயில் கணுக்கால் நனைய நின்றால் போதும், தலைமடையில் ஷட்டரை நாலு விரல் தூக்கியிருக்கிறார்களா ஆறு விரலா என்று சொல்லிவிடுவார். கல்வராயன் மலையில் எந்தப் பக்கம் மழை என்பதைத் தண்ணீரின் நிறத்தில் கண்டுபிடிப்பார். அதில் அவர் தப்பியதாக யாரும் சொன்னதில்லை.

ஆதிமூலத்தின் மகன் அறிவுச்செல்வன் ஓட்டல் வேலையை விட்டுவிட்டு வந்து பழைய உப்புத் தோணி ஒன்றை வாங்கினான். அடிப்பலகை மாற்றினான். பாய்மரம் நட்டான். பக்கிங்காம் கால்வாயில் பயணிகளை ஏற்றிப் போகப் போவதாகச் சொன்னான். அப்பா அவனோடு இரண்டு மாதம் பேசவில்லை. ஆட்களை அவன் ஊர்ப்பக்கத்திலேயே தேடினான். கொளஞ்சியப்பனின் வீட்டு வாசலில் வந்து நின்று, கால்வாய் தெரிந்த ஆள் வேண்டும் என்றான்.

“கால்வாயிலயே பொறந்தவன் தம்பி நானு” என்றார்.

இருவரும் அதை நம்பினார்கள்.

கள்ளக்குறிச்சியில் மூன்று பேர் பஸ் ஏறினார்கள். அவர், ராதிகா, கரியாலூரிலிருந்து வந்த பகலவன். பகலவனுக்கு இருபத்தெட்டு வயது. மலையில் மூங்கில் வெட்டியவன். இருபதடி மூங்கில் கழியை அடியில் ஊன்றி, மறுமுனையை இடுப்பில் கொடுத்து, தோணியின் ஓரப் பலகையில் முன்னிருந்து பின்னுக்கு நடந்தே தள்ளுவான். காற்று இல்லாத நேரங்களில் தோணி நகர்வது அவனுடைய இடுப்பால்தான். அருவிக் குட்டையில் நீந்திப் பழகியவன் என்பதால் தண்ணீருக்குள் செய்ய வேண்டிய வேலைகளும் அவனுக்கே வந்தன. கொளஞ்சியப்பனுக்கு நீச்சல் தெரியாது. கால்வாயில் பிறந்தவர்களுக்கு அது தேவைப்படுவதில்லை. அங்கே தண்ணீர் இடுப்புக்கு மேல் போகாது.

மலைக்காரனும் வயக்காரனும் கப்பல் ஓட்ட வந்துட்டானுங்க என்று முதல் நாள் சுபாஷ் சொன்னான். பயணிகள் சிரித்தார்கள். பகலவனும் சிரித்தான். கொளஞ்சியப்பன் சிரிக்கவில்லை.

பன்னிரண்டு நாளில் வேலை பழகிவிட்டது. விடியும் முன் ராதிகா அடுப்பை மூட்டுவாள். அவளுடைய சமையல்கட்டு நாலடி அகலம். நிமிர்ந்தால் தலை இடிக்கும். குடிதண்ணீர் கேனில் வரும். குளிப்பது உப்புத் தண்ணீரில். பயணிகள் பாய்க்கூரைக்குக் கீழே படுப்பார்கள், இவர்கள் நாலு பேரும் கயிறுகளோடும் கழிகளோடும் முன்பலகையில். காற்று அடித்தால் பாய். இல்லாவிட்டால் பகலவன். பாலம் வந்தால் பாய்மரத்தைச் சாய்க்க வேண்டும். அடியிலிருக்கும் இரும்பு ஆணியை உருவி, கப்பியில் ஓடும் கயிற்றை நாலு பேரும் மெல்ல விட்டுக்கொடுத்தால் மரம் பின்னோக்கிப் படுக்கும். பாலத்தைத் தாண்டியதும் திரும்பத் தூக்கி நிறுத்துவார்கள். ஒவ்வொரு முறையும் பயணிகள் கை தட்டினார்கள். சாயங்காலம் பகலவன் சிக்னல் தேடிக் கூரைமேல் ஏறி ஒற்றைக்காலில் நிற்பான். மனைவி சுபஸ்ரீக்கு ஏழு மாதம். ராதிகா கீழேயிருந்து கேள்வி கேட்பாள். பிள்ளைத்தாய்ச்சி சாப்பிட்டாளா என்று அல்ல, மலையில் இவனைப் பார்க்காமல் அவள் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாள் என்று.

அன்று காலை பத்து மணிக்கு இந்தப் பாலத்தைத் தாண்டினார்கள். தாழ்ந்த பாலம். நடுவில் இரண்டு கருங்கல் தூண். தாண்டி மரத்தை நிறுத்தும்போது கப்பி பிளந்துவிட்டது. மரம் நின்றது, ஆணியும் இறங்கியது. ஆனால் கப்பி இல்லாமல் இனி மரத்தைச் சாய்க்க முடியாது. அதே நேரம் சுக்கானும் திரும்ப மறுத்தது. சுபாஷ் குனிந்து பார்த்தான். யாரோ விட்டெறிந்த நைலான் வலை சுக்கானில் சுற்றிக்கொண்டிருந்தது.

இரண்டு கயிறும் கட்டச் சொன்னான். கட்டியதை இழுத்துப் பார்த்தான். குப்பத்துக்குப் போய் வேறு கப்பி வாங்கி வருவதாகவும், வலையை வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டு, ரோட்டில் போன ஒரு பைக்கில் ஏறிக்கொண்டான். அறிவுச்செல்வன் பயணிகளில் மூன்று பேரை உப்பளம் காட்டக் கூட்டிப் போனான். ஐந்து பேர் பாய்க்கூரைக்குக் கீழே சீட்டு ஆடினார்கள்.

பாலம் தோணிக்குப் பின்னால், தெற்கே. சுக்கானுக்கும் கல்தூணுக்கும் நடுவே முப்பது அடி.

பதினொன்றரை மணிக்குத் தண்ணீர் நின்றது.

கொளஞ்சியப்பன் அதைப் பார்ப்பதற்கு முன்பே உணர்ந்தார். பின்பலகையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டிருந்தார். கணுக்காலில் இருந்த இழுப்பு போய்விட்டது. ஒரு கருவேலக் குச்சியைக் கிள்ளிப் போட்டார். போட்ட இடத்திலேயே அது நின்றது. விறைத்திருந்த பின்கயிறு மெல்லத் தளர்ந்தது.

மேலே ஷட்டரை இறக்கிவிட்டார்கள் என்று நினைத்தார்.

வேறு எதையும் அவரால் நினைத்திருக்க முடியாது. கால்வாயில் தண்ணீர் நின்றால் அதற்கு ஒரே காரணம்தான். வெள்ளைக்காரன் இந்தக் கால்வாயில் அங்கங்கே கதவு வைத்துத் தண்ணீரை நிறுத்தினான் என்று அறிவுச்செல்வன் பயணிகளுக்குச் சொன்னதை அவரும் கேட்டிருந்தார். நாலு நாளைக்கு முன்பு இங்கிருந்து வடக்கே மூன்று மைலில், கால்வாய் கடலைத் தொடும் இடத்தில் மணல் மூடிக்கிடந்த முகத்துவாரத்தை ஜேசிபி வைத்து வெட்டிவிட்டதாகச் சுபாஷ் சொன்னபோதும் கேட்டார். வடிகால் திறந்துவிட்டது, இனித் தண்ணீர் சீக்கிரம் வடியும் என்று எடுத்துக்கொண்டார். அது போலவே நாலு நாளாகத் தண்ணீர் வேகமாக வடக்கே ஓடியது. இடையிடையே நின்றிருக்கலாம், திரும்பியும் இருக்கலாம். ஓடும் தோணியிலிருந்து அது தெரியவில்லை.

ஊரில் ஷட்டரை இறக்கினால் அடுத்த தண்ணீர் வர இரண்டு மணி நேரம் ஆகும். உடைப்பு அடைப்பதும், மடை கட்டுவதும் அந்த நேரத்தில்தான். வேலைக்காகவே தண்ணீர் ஒதுங்கிக் கொடுக்கும் நேரம்.

“பகலவா, தண்ணி நின்னுடுச்சி. எறங்கி வலைய அறுத்துடுறியா?”

பகலவன் கழிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். “சுபாஷு வரட்டும்னு சொன்னானே அண்ணே.”

“அவன் வர்றதுக்குள்ள முடிச்சிடுவோம். வந்து பாத்துட்டு வாய மூடிக்கினு சுக்கானப் புடிக்கட்டும்.”

பகலவனுக்கு அது பிடித்திருந்தது. வேட்டியை அவிழ்த்து ராதிகாவிடம் எறிந்தான். நிக்கரோடு நின்றான். மீன் அரிகிற கத்தியைக் கயிற்றில் கோத்து மணிக்கட்டில் கட்டிக்கொண்டான். குழம்புக்கு உப்பு ஜாஸ்தி என்றால் கால்வாயிலேயே இருந்துவிடுவேன் என்று அவளிடம் சொன்னான். இறங்கினான். தண்ணீர் அவன் மார்பளவு இருந்தது.

மூச்சை இழுத்து உள்ளே போனான். வந்தான். போனான். ஒவ்வொரு முறையும் ஒரு பிடி நைலான் மேலே வந்தது. பச்சை நிறம். அதில் செத்த நண்டுகள் இருந்தன. கொளஞ்சியப்பன் அவற்றை வாங்கிப் பலகையில் போட்டார். கால் பங்கு முடிந்தது. சுபாஷின் முகம் எப்படியிருக்கும் என்று ஒருமுறை நினைத்துப் பார்த்தார்.

ஐந்தாவதோ ஆறாவதோ முறை பகலவன் மேலே வந்தபோது, கையில் வலை இல்லை.

“கால்ல மாட்டிக்கிச்சி” என்றான். “இரு, அறுத்துடுறேன்.”

போனான்.

கொளஞ்சியப்பன் குச்சியைப் பார்த்தார். போட்ட இடத்தில் அது இல்லை. தேடினார். பாலத்துக்குப் பக்கத்தில், தூணை ஒட்டி இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூணைச் சுற்றிக்கொண்டு பாலத்துக்கு அடியில் போனது.

குச்சி தெற்கே போயிருந்தது.

அவருக்குப் புரியவில்லை. காற்று என்று நினைத்தார். காற்று இல்லை. பின்கயிற்றைப் பார்த்தார். அது முழுவதும் தண்ணீருக்குள் இறங்கிக் கிடந்தது. தோணிக்கும் கல்லுக்கும் நடுவே அது நீளமாகிவிட்டதுபோல் இருந்தது. பிறகுதான் கயிறு நீளவில்லை என்று தெரிந்தது. தோணி கல்லை நெருங்கிக்கொண்டிருந்தது.

பிறந்த நாற்பத்தெட்டு வருடத்தில் தண்ணீர் வந்த வழியே திரும்பிப் போய் அவர் பார்த்ததில்லை. அது மேட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. சத்தமில்லாமல், அவசரமில்லாமல், கால்வாய் முழுவதும் ஒரே சமயத்தில் ஏறியது.

பகலவன் தலையைத் தூக்கினான். சுக்கானைப் பிடித்துக்கொண்டு பின்னால் திரும்பித் தூணைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான்.

“அண்ணே, தோணி வருது” என்றான்.

குரலை உயர்த்தவில்லை. சந்தேகம் கேட்பதுபோல் சொன்னான்.

“காலு?”

“வரல.”

கொளஞ்சியப்பன் மூங்கில் கழியை எடுத்துப் பின்பக்கம் ஊன்றித் தள்ளினார். சேறு கழியை விழுங்கியது. இரண்டு முழம், மூன்று முழம். அடி தட்டவில்லை. பகலவன் ஊன்றும்போது எப்படி நிற்கிறது என்று அவர் கவனித்ததே இல்லை. கழி கையை விட்டுப் போய்ச் சேற்றில் தனியாக நின்றது. தோணி அதைச் சாய்த்துக்கொண்டு மேலே வந்தது.

சுக்கானுக்கும் தூணுக்கும் நடுவே இருபது அடி.

முன்கயிறு கருவேல முண்டில் இருந்திருந்தால் தோணி ஓரடிகூட நகர்ந்திருக்காது. அவர் அதை நினைத்தார். நினைத்தபோதே முன்பக்கம் ஓடினார். சீட்டு ஆடுகிறவர்களின் நடுவே மிதித்துக்கொண்டு ஓடினார். கூரைக் கம்பிலிருந்த முடிச்சை இழுத்தார். துணிக்காகப் போட்ட முடிச்சு, ஒரே இழுப்பில் வந்தது. பாய்மரத்தில் இருந்ததும் அதே முடிச்சுதான். அதுவும் ஒரே இழுப்பில் வந்துவிடும்.

“ராதிகா, மரத்துல இருக்கறத அவுத்து மூக்கு முளையில சுத்து. நாலு சுத்து. விட்டுடாத.”

அவள் என்ன ஏது என்று கேட்கவில்லை. கரண்டியைப் போட்டுவிட்டு வந்தாள்.

அவர் கயிற்றின் மறுமுனையோடு மூக்கிலிருந்து கரையைப் பார்த்துக் குதித்தார். கரை கிடைக்கவில்லை. சேறு கிடைத்தது. தொடைவரை இறங்கினார். முண்டு முன்னால் தெரிந்தது. ஒரு காலைப் பிடுங்கி வைத்தார். இன்னொன்றைப் பிடுங்கினார். கயிறு இடுப்பில் இழுத்தது. காலையில் தாராளமாக எட்டிய கயிறு. இப்போது தோணி தெற்கே போய்விட்டதால் முண்டுக்கு இரண்டு பாகம், பன்னிரண்டு அடி, குறைந்தது.

கைக்கு எட்டும் தூரத்தில் வேறு எதுவும் இல்லை. புல்கூட இல்லை.

ஊரில் கால்வாய் உடைத்துக்கொண்டால், வைக்கோலும் மண்மூட்டையும் வந்து சேரும்வரை ஆட்கள் உடைப்பில் இறங்கி நிற்பார்கள். அவர் நின்றிருக்கிறார். அங்கே செய்ய வேண்டியது ஒன்றுதான். நகரக் கூடாது.

கயிற்றை இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி, முனையைக் கையில் முறுக்கிக்கொண்டு, தோணிக்கு முதுகு காட்டாமல் சேற்றில் உட்கார்ந்தார். குதிகாலை உள்ளே செலுத்தினார். கயிறு தண்ணீரைவிட்டு மேலே எழுந்தது. அதில் இன்னும் துணிகள் இருந்தன. ஒரு சிவப்புச் சேலை, இரண்டு பனியன், ஒரு குழந்தைத் தலையணை உறை. அவை தண்ணீரைச் சொட்டிக்கொண்டு வரிசையாக நின்றன.

தோணி நிற்கவில்லை. அவரை இழுத்தது. சேற்றில் ஒரு பள்ளம் கீறிக்கொண்டு அவர் உட்கார்ந்தபடியே போனார். இடுப்பெலும்பில் கயிறு இறங்கியது. அங்கிருந்து பகலவனைப் பார்க்க முடியவில்லை. தோணியின் பக்கவாட்டுப் பலகையும், அதற்கு அந்தப் பக்கம் தூணின் மேல்பாதியும்தான் தெரிந்தன. இரண்டுக்கும் நடுவே வானம் கொஞ்சம் இருந்தது. அது குறைந்துகொண்டே வந்தது.

“எவ்ளோ இருக்குது?” என்று கத்தினார்.

ராதிகா முளையைக் கட்டிப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தாள். 

அவருடைய வலது குதிகால் எதிலோ முட்டியது. வேரோ கல்லோ தெரியவில்லை. அதில் மொத்த உடம்பையும் வைத்தார். கயிறு முறுகியது. சேலை நழுவி விழுந்தது. பயணிகளில் இரண்டு பேர் தண்ணீரில் குதிக்கும் சத்தம் கேட்டது. ஒரு கண்ணாடிக்காரர் கழுத்துவரை சேற்றோடு வந்து அவருக்குப் பின்னால் கயிற்றின் முனையைப் பிடித்தார். இன்னொருவர் அவரைப் பிடித்தார்.

வானம் குறைவது நின்றது.

 கயிறு முனகியது. பின்பக்கம் தண்ணீர் ஒருமுறை கலங்கியது. பிறகு ராதிகா கத்தினாள்.

“வந்துட்டான் மாமா. மேல ஏறிட்டான்.”

பகலவனின் முதுகுக்கும் தூணுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது என்று பிறகு சொன்னாள். அவன் தூணுக்கு முதுகைக் காட்டி, சுக்கானைக் கையால் தள்ளிக்கொண்டு, மூச்சை அடக்கிக் குனிந்து அறுத்தானாம். வலையோடு சேர்த்துக் கணுக்கால் தோலையும் அறுத்திருந்தான். அவள் மஞ்சளை வைத்துக் கட்டினாள். அவன் கட்டுப் போட்ட இடத்தைப் பார்க்காமல் கால்வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பயணிகளும் சேர்ந்து தோணியைக் கரையோரமாக இழுத்து, முன்கயிற்றை முண்டில் கட்டினார்கள். கொளஞ்சியப்பன் அந்த முடிச்சைப் போட்டார். அதன்மேல் இன்னொன்று போட்டார்.

அறிவுச்செல்வன் உப்பளத்திலிருந்து ஓடி வந்தான். பயணிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். தண்ணீர் திடீரென்று பொங்கிவிட்டது, தோணி இழுத்துக்கொண்டது, இவர் ஒற்றை ஆளாகப் பிடித்து நிறுத்தினார். ஒரு பெண் போனில் எடுத்திருந்தாள். சேற்றில் உட்கார்ந்து இழுபடும் ஒரு மனிதர், கயிறு நிறையத் துணிகள். அறிவுச்செல்வன் இரண்டு முறை பார்த்தான். கொளஞ்சியப்பனின் கையைப் பிடித்துக்கொண்டான். அப்பாவிடம் காட்ட வேண்டும் என்றான். தண்ணீர் தெரிந்த ஆள் தோணியில் இருந்ததால் பிழைத்தோம் என்று பயணிகளிடம் சொன்னான்.

கொளஞ்சியப்பன் தலையைக் குனிந்து நின்றார். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். ராதிகா அடுப்படியிலிருந்து அவரைப் பார்த்தாள். கயிறு கேட்டவள் அவள். அவளும் சொல்லவில்லை.

ஒரு மணிக்குச் சுபாஷ் கப்பியோடு வந்தான். கதையைக் கேட்டான். போனைக் கையில் வாங்கிப் பார்த்தான். மற்றவர்கள் கொளஞ்சியப்பனைப் பார்த்த இடத்தில் அவன் துணிகளைப் பார்த்தான். போனைத் திருப்பிக் கொடுத்தான்.

“நான் போறப்ப முன்கயிறு முண்டுல இருந்துச்சி” என்றான். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

பகலவன் திரும்பினான்.

“நாந்தான் அவுத்தேன்” என்றார் கொளஞ்சியப்பன். “துணி காயப்போட. தண்ணி நின்னதப் பாத்துட்டு, ஷட்டர எறக்கிட்டாங்கன்னு அவன எறக்குனதும் நாந்தான்.”

அறிவுச்செல்வன் அவர் தோள்மேல் போட்டிருந்த கையை எடுத்துக்கொண்டான்.

“இன்னா ஷட்டரு?” என்றான் சுபாஷ். உண்மையிலேயே புரியாமல் கேட்டான். பிறகு புரிந்தது. சிரிப்பான் என்று கொளஞ்சியப்பன் எதிர்பார்த்தார். சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “இது ஒங்க ஊரு கால்வா இல்லண்ணே. கடலோட வாலு. ஆறு மணி நேரம் அந்தப் பக்கம் ஆட்டும், ஆறு மணி நேரம் இந்தப் பக்கம் ஆட்டும். மொகத்துவாரம் மூடியிருந்த வரைக்கும் ஆட்டல. இத நான் சொல்லியிருக்கணும். நீ கேட்டிருக்கணும்.”

அதோடு விட்டுவிட்டான். பகலவன் கட்டுப்போட்ட காலைத் தூக்கிப் பலகைமேல் வைத்துக்கொண்டான்.

சாப்பாடு முடிந்தது. குழம்பைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

சுக்கானில் வலை இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. அதை எடுக்காமல் தோணி நகராது. தண்ணீர் ஏறிக்கொண்டே போனது. காலையில் மார்பளவு இருந்த இடம் இப்போது ஆள் ஆழம். அடுத்து ஐந்தரை மணிக்குத் தண்ணீர் நிற்கும் என்று சுபாஷ் கணக்குச் சொன்னான். பத்து நிமிஷம் நிற்கும். அப்புறம் வடக்கே இழுக்கும். தான் இறங்குவதாகச் சொல்லிச் சட்டையைக் கழற்றினான்.

“நான் எறங்குறேன்” என்றார் கொளஞ்சியப்பன்.

“ஒனக்கு நீச்சல் தெரியாதே.”

“சுக்கானப் புடிச்சிக்கினே போறேன். இடுப்புல கயிறு கட்டிக்கிறேன்.”

அறிவுச்செல்வன் வேண்டாம் என்றான். ராதிகா, அக்காவுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டாள். சுபாஷ் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சட்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டான். கொளஞ்சியப்பனின் இடுப்பில் ஏற்கெனவே கயிறு பதிந்த தடம் கன்றிப் போயிருந்தது. ஐந்து மணிக்கு அதன் மேலேயே கட்டினார்கள்.

மறுமுனையை யார் பிடிப்பது என்று யாரும் கேட்கவில்லை. பகலவன் நொண்டிக்கொண்டு வந்து கையை நீட்டினான். சுபாஷ் கொடுத்தான்.

கொளஞ்சியப்பன் முன்கயிற்றைப் போய்ப் பார்த்தார். பின்கயிற்றைப் பார்த்தார். இரண்டும் இருந்தன. குச்சி ஒன்றைப் போட்டார். அது தெற்கே போனது. மெல்லப் போனது. இன்னொன்றைப் போட்டார். அது தயங்கியது. மூன்றாவது நின்றது.

இறங்கினார். காலுக்குத் தரை இல்லை. அதை அவர் எதிர்பார்த்திருந்தார், ஆனாலும் கால் தேடியது. சுக்கானை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போனார். கண்ணைத் திறந்தால் பச்சை இருட்டு. கையால் தடவி அறுத்தார். மூக்கில் உப்பு ஏறியது. மேலே வந்து ஒரு பிடி வலையைப் பலகையில் எறிந்தார். போனார். வந்தார். மூன்று முறை, நாலு முறை. தலைக்கு மேலே தோணியின் அடிப்பலகை முழுப் பாரத்தோடு இருந்தது. காலையில் பகலவனுக்கு மேல் இருந்ததும் இதுதான்.

ஐந்தாம் முறை உள்ளே இருக்கும்போது பிடரியில் ஏதோ தொட்டது. தண்ணீர் நகர்ந்ததுபோல் இருந்தது. இருபத்தாறு வருடம் அவருக்குத் தண்ணீர் சொன்ன எதையும் அவர் நம்பாமல் இருந்ததில்லை. இப்போது அது சொன்னது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. வலையை விட்டுவிட்டு மேலே வந்தார். பலகையைப் பிடித்துத் தொங்கினார். மூச்சு வாங்கியது.

“திரும்பிடுச்சா?”

பகலவன் பலகையோரம் குந்தியிருந்தான். கயிறு இரண்டு கையிலும் இருந்தது. அவன் அவரைப் பார்க்கவில்லை. தண்ணீரில் மூன்றாவது குச்சி நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இன்னும் நிக்குது” என்றான். “நான் பாத்துக்கினுதான் இருக்கேன். நீ எறங்கு.”

இன்னும் ஒரு பிடி வலைதான் இருந்தது. கொளஞ்சியப்பன் மூச்சை இழுத்துக்கொண்டு இறங்கினார்.